முதுகெலும்பு டிஸ்க்ல தண்ணி வத்திருச்சாம், நெறய தண்ணி குடிச்சா சரியாகுமா?

எம்ஆர்ஐல எல்4-எல்5 (கீழ் முதுகுல நாலாவது, அஞ்சாவது எலும்புக்கு நடுவுல) டிஸ்க் டெசிகேஷன்னு, அதாவது தண்ணி வத்திருச்சுன்னு போட்ருக்கு, டாக்டர் ஒரே வரியில முடிச்சிட்டார். யாராச்சும் வெளக்குங்களேன்.

பதில் 1:
குடிக்கிற தண்ணியால ஆகாது ப்ரோ. டிஸ்க் நடுவுல இருக்குற ஜெல்லுல அக்ரிகன்னு ஒரு புரோட்டியோகிளைக்கான் (சர்க்கரைச் சங்கிலி ஒட்டுன புரதம்), அதோட கான்ட்ராய்டின் சல்ஃபேட்ங்கிற அந்த சங்கிலியெல்லாம் நெகட்டிவ் சார்ஜ், அது சோடியத்த இழுக்கும், பின்னாடியே தண்ணி வரும், அந்த அழுத்தம்தான் நம்ம வெயிட்ட தாங்குது. வயசாக ஆக அக்ரிகன் உடைஞ்சு கொறையும், தண்ணி நிக்காது, தண்ணிய வெள்ளையா காட்டுற டி2ங்கிற எம்ஆர்ஐ படத்துல டிஸ்க் கறுப்பா தெரியும்.

பதில் 2:
காலைல சாயங்காலத்த விட ஒரு சென்டிமீட்டர் போல ஒசரமா இருக்கோமே, அதுவும் இதனாலதான். பகல்ல பிதுங்குன தண்ணி படுத்தா திரும்ப ஏறிடும்.

கேட்டவர்:
அப்ப கான்ட்ராய்டின் மாத்திரை?

பதில் 1:
பெரியவங்க டிஸ்க் உள்ள ரத்தக்குழாயே கெடையாது, முழுங்குனது நேரா அங்க போய் ஒட்டிக்கும்னு காச கரியாக்காதீங்க. வலியே இல்லாதவங்களுக்கும் இந்த ரிப்போர்ட் வருது.