புதுப்பிப்பு: எங்கள் வாசல் வேம்பு தப்பித்தது

தில்லியில் எங்கள் குடியிருப்பு வாசலில் நிற்கும் வேம்பு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது, சங்கத்தார் வெட்டியே தீர வேண்டும் என்கிறார்கள், அதற்கு அனுமதி தேவையா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அனுமதி கட்டாயம் வேண்டும். 1994ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் தண்டின் விட்டம் 5 செ.மீ. இருந்து, ஒரு மீட்டர் வளர்ந்திருந்தாலே அது மரம். சொந்த மனையில் நின்றாலும் அப்படித்தான். விண்ணப்பித்தால் மர அலுவலர் 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உயிருக்கோ உடைமைக்கோ உடனடி ஆபத்து என்றால் மட்டும் வெட்டிவிட்டு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கலாம். இந்த விலக்கைக் காட்டித்தான் சங்கத்தார் அவசரப்படுத்தினார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை; விண்ணப்பம் கொடுத்தேன்.

பார்வையிட வந்தவர் கிளைகளை விட்டுவிட்டு, முதலில் குனிந்து மரத்தின் அடியைப் பார்த்தார். தண்டை ஒட்டிச் சிமெண்ட் பூசியிருந்தோம். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணாகவே விட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இலேயே உத்தரவிட்டிருக்கிறது. நேற்று கொத்தனார் உளி வைத்து உடைத்தெடுத்தார். உள்ளே பட்டை வெளுத்து நசுங்கி, சிமெண்ட் விளிம்பு பதிந்த வடு வளையமாகத் தெரிந்தது. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற மண் குடித்துக்கொண்டே இருந்தது.

சாய்ந்த கிளையை மட்டும் குறைக்க எழுத்துப்பூர்வ அனுமதி கேட்டிருக்கிறோம். வந்ததும் எழுதுகிறேன்.