மூடியில இருந்த சொட்டு

குழு: ஆச்சி வீடு

ஞாயிறு

நான், இரவு 8:12
அண்ணே, சாப்டாச்சா? பாப்பா நீர்ச் சுழற்சி படம் வரைஞ்சிட்டு இருந்தா. கடல்ல இருந்து மேல ஒரு அம்புக்குறி, மேகத்துல இருந்து கீழ ஒண்ணு. முடிச்சிட்டு, "தண்ணி மேல போச்சுன்னா உப்பு எங்கம்மா போச்சு? மழை ஏன் கரிக்கல?"ன்னு கேக்குறா. உங்க மருமகளுக்கு நீங்களே சொல்லுங்க.

அண்ணன், 8:20
அது எங்கயும் போகல தங்கம். மாமா உப்பளத்துலதான் கெடக்கு 😊 வெயிலு தண்ணிய மட்டும்தான் தூக்கிட்டுப் போகும்.

தம்பி, 8:21
உப்பு உருகவே 801 டிகிரி சூடு வேணும் பாப்பா. ஆவியாகணும்னா இன்னும் எவ்வளவோ மேல போகணும்.

நான், 8:23
(பாப்பா டைப் பண்றேன்) தண்ணி 100 டிகிரிலதான மாமா ஆவியாகும்? வெயில் 40தான?

தம்பி, 8:26
100ல கொதிக்கும். ஆவியாகக் கொதிக்க வேண்டியதில்ல. தண்ணில இருக்கிற மூலக்கூறு எல்லாம் ஒரே வேகத்துல ஓடாது. மேல்மட்டத்துல வேகமா ஓடுறது பிச்சுக்கிட்டு வெளிய போயிரும். மெதுவா ஓடுறது உள்ளயே நிக்கும். அதான் மிச்சத் தண்ணி குளுந்துபோகும்.

அம்மா, 8:31
(வாய்ஸ்) அதாம்ட்டி நம்ம மண்பானை. வெளிய கசிஞ்சு காஞ்சாத்தான் உள்ள சில்லுனு இருக்கும். பெயிண்ட் அடிச்ச பானைய வாங்காதன்னு உங்கம்மாட்ட சொல்லு. கசியாது.

தம்பி, 8:33
சரியாச் சொன்னீங்கம்மா. ஒரு கிராம் தண்ணிய 0ல இருந்து 100 டிகிரிக்குச் சுட வைக்க 100 கலோரி. கொதிச்ச பிறகு அத ஆவியாக்க 540 கலோரி. அவ்வளவு சூட்டை எடுத்துட்டுப் போகுது.

அண்ணன், 8:47
பாப்பா, பொறுமையாப் படி. கடல் தண்ணி ஒரு லிட்டர்ல ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். நாங்க அளத்துல போர் போட்டு எடுக்கிற ஊத்துத் தண்ணி அதவிடக் கரிக்கும். அத மொதல்ல பெரிய தெப்பத்துல (தண்ணி தேக்கி வைக்கிற பாத்தி) விட்டு வெயில்ல போடுவோம். வத்த வத்த டிகிரி ஏறும் (இது வெயில் டிகிரி இல்ல, உப்பு எவ்வளவு முத்திருக்குன்னு பாக்குற அளவு). கடல் தண்ணி 3, 3.5 இருக்கும். வழியில ஜிப்சம்னு வேறொரு தாது தனியா படிஞ்சிரும். 25 கிட்ட வந்தாத்தான் உப்பு விளையும். அப்போ பாத்தியில பாய்ச்சுவோம்.

மத்தியானம் பாத்தி ஓரமா குனிஞ்சு பாத்தா, தண்ணிமேல பால் ஆடை மாதிரி மெல்லிசா ஒண்ணு கட்டும். கிட்டப் பாத்தா அது குட்டிக் குட்டிச் சதுரம். நடுவுல பள்ளமா, படிப்படியா இருக்கும். கனம் கூடுனதும் ஒவ்வொண்ணா அடியில போய் உக்காரும். இத்தன வருசமா பாக்கேன், இன்னும் அலுக்கல.

அண்ணன், 8:50
வெயில் மட்டும் போதாது. தண்ணிமேல ஈரம் தேங்கி நின்னா அடுத்தது மேல போகாது. காத்து வந்து அத அள்ளிட்டுப் போகணும். இந்த ஆனி ஆடி மேலக்காத்து எங்களுக்குச் சோறு. புழுங்கி, காத்தே இல்லாத நாள்ல வெயில் கொளுத்துனாலும் பாத்தி அசையாது.

நம்பலன்னா, ரெண்டு தட்டுல ஒரே அளவு உப்புத்தண்ணி ஊத்தி மாடியில வை. ஒண்ணத் தெறந்து வை. இன்னொண்ணக் கண்ணாடிக் கிண்ணத்தால மூடு.

செவ்வாய்

நான், மாலை 5:40
(படம்) (படம்)
(பாப்பா) தெறந்த தட்டு காஞ்சிருச்சு மாமா. ஓரத்துல வெள்ளையா வட்டம், நடுவுல சதுரம் சதுரமா இருக்கு!! மூடுனதுல தண்ணி அப்படியே இருக்கு. கிண்ணத்துக்கு உள்பக்கம் பூரா சொட்டு. நக்கிப் பாத்தேன். கரிக்கவே இல்ல.

அண்ணன், 5:44
அந்தச் சொட்டுதான் மழை, தங்கம். நீ கேட்டதுக்கு நீயே பதில் கண்டுபிடிச்சிட்ட.

தம்பி, 5:49
மேல போற ஈரம் சராசரியா ஒன்பது, பத்து நாள்தான் காத்துல இருக்கும். அப்புறம் எங்கயாவது மழையாவோ பனியாவோ எறங்கிரும். அதுல பெரும்பங்கு திரும்பக் கடல்லயே விழுது. ஆவியாகுறப்போ எடுத்துட்டுப் போன சூட்ட மேகமா மாறுறப்போ வெளிய விட்டுரும். புயலுக்கும் பெருமழைக்கும் தெம்பே அதுதான்.

அண்ணன், 5:58
அத நாங்க கண்ணால பாத்தோம். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். நம்ம பக்கம் ஒரு வருசம் பூராப் பெய்றதே அவ்வளவு இருக்காது. தண்ணி வடிஞ்சு போய்ப் பாத்தா உப்பு அம்பாரமாக் குவிச்சிருந்த எடத்துல வெறுந்தரை. மேல போட்ட கீத்துதான் சேத்துல கெடந்துச்சு. மாசக்கணக்கா வெயில் பிரிச்சு வச்சத மழை ஒரே ராத்திரியில திரும்பக் கரைச்சுக் கடலுக்கே கொண்டுபோயிருச்சு.

நான், 6:02
அன்னைக்கு போன் எடுக்கலன்னு நாங்க எல்லாம் அழுதது இன்னும் நெஞ்சுல நிக்குது அண்ணே.

அம்மா, 6:05
(வாய்ஸ்) அந்த மழைதான்டி அந்த வருசம் கிணத்தையும் நெறைச்சுச்சு. ரெண்டும் ஒரே தண்ணிதான்.

நான், 6:10
(பாப்பா) சனிக்கிழமை அளத்துக்கு வரவா மாமா? அந்தச் சதுரம் மெதக்கிறதப் பாக்கணும்.

அண்ணன், 6:12
வா வா. உப்பு வாருறத பாக்கணும்னா விடியுமுன்ன வரணும், வெயில் ஏறுனா வெள்ளையில கண்ணு கூசும். சதுரம் மெதக்கிறது மத்தியானம்தான். அதுவரைக்கும் கொட்டகையில இருந்துக்கலாம்.

அம்மா, 6:14
(வாய்ஸ்) காலுல புண்ணு கிண்ணு இருந்தா பாத்தியில எறக்காதல, உப்புத்தண்ணி எரியும். பிள்ளைக்குத் தொப்பி, ரெண்டு பாட்டில் தண்ணி.