மாடிப் பண்ணையில் ஒரு கிலோ கீரைக்கு எத்தனை லிட்டர்? சிங்கப்பூரில் அளப்பது எப்படி?

கீரைப்பாத்தி கேட்டது:

வணக்கம். வேளாண் பொறியியல் முதுகலை ஆய்வுக்காக ஜனவரி முதல் ஜூன் வரை சிங்கப்பூரில் இருப்பேன். வீவக (சிங்கப்பூர் அரசின் வீடமைப்புக் கழகம்) அடுக்குமாடி வாகன நிறுத்துமிடங்களின் மொட்டைமாடியில் நடக்கும் பண்ணைகளில் ஒரு கிலோ இலைக்காய்கறிக்கு எவ்வளவு தண்ணீர் ஆகிறது என்பதுதான் தலைப்பு. இரண்டு முறைகளை எடுத்திருக்கிறேன். ஒன்று, குழாயில் மெல்லிய படலமாக ஊட்டக் கரைசல் ஓடும் என்.எஃப்.டி. முறையில் லெட்டூஸ்: 600 செடி, 500 லிட்டர் தொட்டி. மற்றொன்று, மண்கலவை நிரப்பிய பெட்டிகளில் முளைக்கீரையும் சாய் சிம் என்ற சீனக் கீரையும்.

தொட்டிக்குப் போகும் குழாயில் அரை அங்குல மீட்டர் ஒன்றைப் பொருத்தி, வாரம் ஒருமுறை எண்ணைக் குறித்து, அறுவடை எடையால் வகுக்கலாம் என்று திட்டம். காய்கறிக்கான உலக சராசரி கிலோவுக்கு 322 லிட்டர். அதோடு ஒப்பிட்டு எவ்வளவு மிச்சம் என்று காட்ட நினைக்கிறேன். வழிகாட்டி "இவ்வளவு எளிதில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டார். எங்கே ஓட்டை என்று சொல்லுங்கள்.

---

நீர்க்கணக்கு பதில்:

முதல் ஓட்டை மீட்டரிலேயே இருக்கிறது.

அரை அங்குலத்தில் பரவலாகக் கிடைப்பது கியூ3 = மணிக்கு 2.5 கன மீட்டர், ஆர்160 என்று முகப்பில் அச்சிட்ட மீட்டர். கியூ3 என்பது மீட்டர் தொடர்ந்து தாங்கும் ஓட்டம்; அதை ஆர் எண்ணால் வகுத்தால் துல்லியம் நிற்கும் மிகக் குறைந்த ஓட்டம் வரும். 2500-ஐ 160-ஆல் வகுத்தால் 15.6. மணிக்கு 15.6 லிட்டருக்குக் கீழே தண்ணீர் போனால் அந்த மீட்டரின் துல்லியத்துக்கு யாரும் பொறுப்பில்லை. இன்னும் குறைந்தால் முள் அசையவே அசையாது.

உங்கள் அமைப்பின் தேவையைப் பாருங்கள். ஒரு லெட்டூஸ் செடி நாளுக்கு 140 மி.லி. குடிக்கிறது என்று வைத்தால் 600 செடிக்கு 85 லிட்டர், அதாவது மணிக்கு மூன்றரை லிட்டர். தொட்டியில் ஃப்ளோட் வால்வு இருந்தால் நீர்மட்டம் ஒரு மில்லிமீட்டர் இறங்கியதும் வால்வு லேசாகத் திறந்து நாள் முழுக்கக் கசிந்துகொண்டே இருக்கும். அந்தக் கசிவு முழுவதும் மீட்டர் கண்ணில் படாமலே உள்ளே போய்விடும். கடைசியில் "எங்கள் பண்ணையில் தண்ணீரே செலவாவதில்லை" என்ற அழகான முடிவு வரும். அது பொய்.

ஃப்ளோட் வால்வை மூடிவிடுங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில், பம்பை நிறுத்தி, குழாய்களில் இருக்கும் கரைசல் தொட்டிக்கு வடிய 10 நிமிடம் விட்டு, பிறகு தொட்டியின் கோடு வரை குழாயை முழுதாகத் திறந்து நிரப்புங்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் வந்தால் மணிக்கு 600. அந்த ஓட்டத்தில் மீட்டரின் பிழை 2 சதவீதத்துக்குள் நிற்கும். ஆள் போக முடியாத நாளுக்கு, மேல் கீழ் என இரண்டு மட்டச் சுவிட்ச் வைத்த, மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு போதும். 60 லிட்டர் இறங்கியதும் திறக்கட்டும், நிறைந்ததும் மூடட்டும்.

பம்பை நிறுத்தாமல் மட்டம் பார்த்தால் குழாய்களில் நிற்கும் தண்ணீர் கணக்கில் வராது. செடி வளர வளர வேர் அடர்ந்து, குழாயில் தேங்கும் அளவும் கூடும். அந்த வித்தியாசம் செடி குடித்ததாகப் பதிவாகிவிடும்.

பொருத்தியதும் மீட்டரைச் சோதியுங்கள்: 20 லிட்டர் வாளியைத் தராசில் வைத்து மூன்று வேகங்களில் நிரப்பி, எடையையும் மீட்டர் காட்டியதையும் ஒப்பிட்டு எழுதி வையுங்கள். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அந்த அட்டவணை இல்லையென்றால் மற்ற எண்களை நம்ப முடியாது.

---

மண்பெட்டி பதில்:

மண்பெட்டிக்கு மீட்டர் பாதிதான் உதவும். ஊற்றியதில் எவ்வளவு செடிக்குப் போனது, எவ்வளவு அடியில் வடிந்தது என்று அது சொல்லாது. ஒரு பெட்டியைத் தராசு மேடையில் ஏற்றுங்கள்.

1.2 மீட்டருக்கு 0.6 மீட்டர் பெட்டியின் பரப்பு 0.72 சதுர மீட்டர். அதன்மேல் 1 மி.மீ. நீர் என்றால் 0.72 கிலோ. 300 கிலோ தாங்கும், 100 கிராம் வரை காட்டும் தராசு போதும்: 0.14 மி.மீ. வரை பிடித்துவிடும். நாளுக்கு 4 மி.மீ. போகிற இடத்தில் அது நல்ல துல்லியம். விடிவதற்கு முன் எடை எடுங்கள். பகலில் காற்று பெட்டியை அசைக்கும், தராசின் எடை உணரியான லோடு செல் சூடேறி எண் தானாக நகரும். செல்லின் மேல் நேர் வெயில் படாமல் ஒரு தகடு மறைப்பு வையுங்கள்.

எடை போடும் பெட்டியை ஓரத்தில் தனியாக வைக்காதீர்கள். மாடி ஓரத்துக் காற்றும் காங்கிரீட் சூடும் அதை மட்டும் அதிகமாக உலர்த்தும். நாலு பக்கமும் அதே உயரப் பயிர் இருக்கிற நடுவரிசையில் வையுங்கள்.

மழையைப் பற்றி. நீங்கள் போகும் ஜனவரி வடகிழக்குப் பருவமழையின் ஈரமான பகுதி. பிப்ரவரியில் காயும். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை. 40 மி.மீ. கொட்டினால் பெட்டிமேல் 28.8 லிட்டர் விழும். ஆனால் கலவை தாங்குவதற்குமேல் எல்லாம் அடித்துளை வழியே ஓடிவிடும். ஆகவே மழைமானி காட்டுவதை அப்படியே "செடிக்குக் கிடைத்த மழை" என்று எழுதாதீர்கள். மழைக்கு முன்னும், வடிந்து முடிந்த பின்னும் எடை எடுத்தால் தங்கியது எவ்வளவு என்று தெரியும். மழைமானி உங்கள் மாடியிலேயே வேண்டும். சிங்கப்பூர் அரசின் திறந்த தரவுத் தளத்தில் மழைப் பதிவு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிடைக்கிறது, ஆனால் ஒரு பேட்டையில் கொட்டி அடுத்த பேட்டையில் தூறலும் இல்லாத ஊர் அது.

ஒரு எச்சரிக்கை. வடிநீரை அளக்க அடியில் திறந்த தட்டு வைத்தால் அது ஏடிஸ் கொசுவுக்கு நாற்றங்கால். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் போதும். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் சோதனையில் அகப்பட்டால் அபராதம் கட்டுவது பண்ணைக்காரர், நீங்கள் அல்ல. அதன் பிறகு அந்த மாடிக்கு எந்த மாணவரையும் விடமாட்டார். தட்டு வேண்டாம். பெட்டியின் அடித்துளையிலிருந்து குழாய் இழுத்து, இறுக்க மூடிய கேனுக்குள் விடுங்கள். காற்று போகும் துளைக்கு நுண்வலை கட்டி, தினமும் அளந்து காலி செய்யுங்கள்.

---

கீரைப்பாத்தி:

மிக்க நன்றி இருவருக்கும். பண்ணையின் பழைய பதிவேட்டைக் கேட்டு வாங்கினால் முந்தைய சுற்றுகளையும் சேர்த்துக்கொள்ளலாமா? அப்புறம், 322-ஓடு ஒப்பிடுவது பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

---

எல்லைக்கோடு பதில்:

பழைய பதிவேட்டைக் கேளுங்கள், ஆனால் தண்ணீர்ப் பகுதியை நம்பாதீர்கள். 2025 ஏப்ரல் முதல் குடிநீர் ஒரு கன மீட்டர் 3.24 வெள்ளி, ஜி.எஸ்.டி. தனி. கிலோவுக்கு 40 லிட்டர் ஆனாலும் தண்ணீர்ச் செலவு 13 காசுதான். வாடகையும் கூலியும் மின்சாரமும் கழுத்தை நெரிக்கும்போது 13 காசை யார் கவனமாக எழுதுவார்கள்? அறுவடை எடை, விற்பனை எடை, விதைத்த தேதி ஆகியவற்றை மட்டும் அதிலிருந்து எடுங்கள்.

இப்போது முக்கியமான இடம். ஒரு மாதிரிச் சுற்று போட்டுப் பார்ப்போம். 28 நாள். தொட்டியை முதலில் நிரப்ப 500 லிட்டர். தினமும் 85 வீதம் 2,380. நடுவில் ஒருமுறை கரைசலைக் கொட்டிப் புதிதாக நிரப்ப இன்னொரு 500. சுற்று முடிந்ததும் தொட்டியில் மிஞ்சியதையும் கொட்டுகிறார்கள். குழாய் கழுவ 240. நாற்றங்காலுக்கு 80. மொத்தம் 3,700 லிட்டர். 600 செடி, ஆளுக்கு 180 கிராம், ஆக 108 கிலோ அறுவடை. நுனி கருகியது, பூச்சி கடித்தது கழிந்து விற்பனைக்குப் போனது 92.5 கிலோ.

செடி குடித்த 2,380-ஐ 108-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 22 லிட்டர். உள்ளே வந்த 3,700-ஐ 92.5-ஆல் வகுத்தால் 40. ஒரே பண்ணை, ஒரே சுற்று, இரண்டும் சரியான கணக்கு. எந்த எல்லையை எடுத்தீர்கள் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் போட்டால் அதற்குப் பொருளே இல்லை. இரண்டையும் போடுங்கள். வேரோடு விற்கிறார்களா, வெட்டியா என்பதையும் எழுதுங்கள். அலசிய உடனே எடை போட்டால் இலையிடுக்கில் நிற்கும் தண்ணீரும் விளைச்சலாகிவிடும், வலைக்கூடையில் வடியவிட்டுப் போடுங்கள்.

கரைசலை ஏன் கொட்டுகிறார்கள் என்பதையும் பாருங்கள், அங்கேதான் மிச்சம் பிடிக்க இடம் இருக்கிறது. உள்ளே வரும் தண்ணீரில் லிட்டருக்கு 20 மி.கி. சோடியம் இருந்து, செடி அதை ஏறக்குறைய தொடவில்லை என்றால், தினம் 85 லிட்டர் சேர்க்கும்போது 500 லிட்டர் தொட்டியில் நாளுக்கு லிட்டருக்கு 3.4 மி.கி. கூடும். இரண்டு வாரத்தில் 48. கரைசலின் மின்கடத்துதிறனை அளக்கும் இ.சி. மீட்டர் சோடியத்தையும் சத்தையும் பிரித்துச் சொல்லாது. எண் சரியாக இருக்கும், செடி மட்டும் வாடும். வாரம் ஒரு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி சோடியம் பாருங்கள். தேவைக்கு முன்பே கொட்டுகிறார்களா என்று அது காட்டிவிடும்.

அந்த 322 பற்றி. அதில் 194 பச்சை நீர், அதாவது வயலில் பெய்த மழை. 43 நீல நீர், பாசனத்துக்கு இறைத்தது. 85 சாம்பல் நீர், உரக்கழிவை நீர்க்கச் செய்யத் தேவைப்படும் கணக்குத் தண்ணீர். உங்கள் 40 லிட்டர் முழுக்க நீல நீர். 40-ஐ 322-ஓடு வைத்து "எட்டில் ஒரு பங்கு" என்று எழுதுவது தவறு. நீலத்தோடு நீலத்தை வையுங்கள்: 40-க்கு 43. மிச்சம் எங்கே போயிற்று பாருங்கள்.

2015-இல் வந்த அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு, லெட்டூஸ் கிலோவுக்கு மண்ணில்லா முறையில் 20 லிட்டர், யூமா வயலில் 250 என்றது. யூமா பாலைவனம், அங்கே எல்லாம் பாசனம், ஆகவே அந்த வித்தியாசம் உண்மையான மிச்சம். சிங்கப்பூருக்கு வரும் காய்கறியில் ஒரு பகுதி மழை கொட்டும் மலேசியாவின் கேமரன் மலையிலிருந்து வருகிறது. எந்த ஊர் வயலுக்குப் பதிலாக இந்த மாடி விளைவிக்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

---

நீர்க்கணக்கு:

எல்லைக்கோடு சொல்வதில் ஒரு இடத்தில் மட்டும் உடன்பாடில்லை. நீலம், பச்சை என்று பிரிப்பதோடு நிறுத்தினால் சிங்கப்பூரின் தண்ணீர் என்ன தண்ணீர் என்பது விட்டுப்போகும். 1962 ஒப்பந்தப்படி 2061 வரை மலேசியாவின் ஜொகூரிலிருந்து வருவது, உள்ளூர் நீர்த்தேக்கம், 2003 முதல் புதுநீர் (மறுசுழற்சி செய்த கழிவுநீர்), 2005 முதல் கடல்நீர்ச் சுத்திகரிப்பு என நான்கு ஊற்று. கடல்நீரை ஒரு கன மீட்டர் நன்னீராக்க சுமார் 3.5 யூனிட் மின்சாரம். உங்கள் 40 லிட்டர் அத்தனையும் கடலிலிருந்தே வந்தாலும் கிலோவுக்கு 0.14 யூனிட்தான். பண்ணையின் 60 வாட் பம்ப் 28 நாளும் ஓடினால் 40 யூனிட், கிலோவுக்கு 0.44. கரைசலைக் குளிர்விக்கும் சில்லர் இருந்தால் அதைவிடப் பல மடங்கு.

சில்லர் வீண் ஆடம்பரம் இல்லை. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மி.கி. ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 7.5-தான். மாடியில் பிற்பகல் கரைசல் 30-ஐத் தாண்டும். வேர் பழுப்பாகி வழவழத்தால் பித்தியம் என்ற நுண்ணுயிரியால் வரும் வேரழுகல் வந்துவிட்டது என்று பொருள். அந்தச் சுற்றில் எடை பாதியானால் கிலோவுக்கான லிட்டர் இரட்டிப்பாகும், தண்ணீர் கூடுதலாகச் செலவாகாமலே. ஆகவே கரைசலின் வெப்பத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதியுங்கள், பம்புக்கும் சில்லருக்கும் தனித்தனி மின்மீட்டர் மாட்டுங்கள். அரிசோனா ஆய்விலும் மண்ணில்லா முறைக்குக் கிலோவுக்கு 90,000 கிலோஜூல், வயலுக்கு 1,100 என்று இருக்கிறது. தண்ணீர் எண்ணை மட்டும் எடுத்துக்காட்டுவோர் இதை விட்டுவிடுகிறார்கள்.

---

மண்பெட்டி:

நடைமுறை சில. சுற்றுலா விசாவில் வந்து ஆய்வு செய்ய முடியாது, வரவேற்கும் பல்கலைக்கழகம் வழியாக மாணவர் அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். பண்ணைத் தொழிலாளர்களைப் பேட்டி எடுப்பதானால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், அதற்கே வாரங்கள் ஆகும். பண்ணை மீன்தொட்டியோடு இணைந்ததாக இருந்தால் குழாய்த் தண்ணீரை நேரே விடாதீர்கள். அங்கே கிருமிநீக்கத்துக்குச் சேர்ப்பது குளோரமைன். குளோரினைப் போல ஒருநாள் திறந்து வைத்தால் போய்விடாது. மீன் செத்துவிடும்.

கொள்கை பற்றி அறிமுகத்தில் எழுதும்போது பழைய கட்டுரைகளைப் பார்த்து "2030-க்குள் உணவுத் தேவையில் 30 சதவீதம் உள்நாட்டிலேயே" என்று போட்டுவிடாதீர்கள். 2019-இல் அறிவித்த அந்த இலக்கை 2025 நவம்பரில் மாற்றிவிட்டார்கள். இப்போது 2035-க்குள் காய்கறி, முளைப்பயறு, காளான் அடங்கிய நார்ச்சத்து வகையில் 20, முட்டையும் மீனும் அடங்கிய புரத வகையில் 30 சதவீதம்.

மண் மாதிரியைப் பையில் போட்டு ஊருக்கு எடுத்துவர நினைக்காதீர்கள். இந்தியத் தாவரக் காப்பு விதிகளில் அதற்குத் தனி அனுமதி வேண்டும். ஈரம், இ.சி., அமிலநிலை மூன்றையும் அங்கேயே முடியுங்கள். கலவையை 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்த ஒரு அடுப்பு வேண்டும், வரவேற்கும் பல்கலைக்கழக ஆய்வகத்தில் அதற்கு முறை வைத்துக்கொள்வார்கள். போன முதல் வாரமே உங்கள் பெயரைப் பதிந்துவிடுங்கள்.