வெள்ளிக்கிழமைக்கு வெறுங்குச்சி வேண்டும்

'நம்ம வீடு' குடும்ப வாட்ஸ்அப் குழு, செவ்வாய்க்கிழமை

நான் (காலை 6:48): எல்லாருக்கும் வணக்கம். ஒரு உதவி வேண்டும். நான் பாடம் எடுக்கிற தொடக்கப் பள்ளியில் பூட்டிக் கிடந்த பழைய சத்துணவு ஸ்டோர் ரூமைக் கழுவி, மூன்றாம் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்முறை அறையாக மாற்றியிருக்கிறோம் என்று சொன்னேனே. பிள்ளைகள் அதற்குப் பட்டறை என்று பேர் வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மதியம் முழுக்க அங்கேதான். தீக்குச்சி, சைக்கிள் வால்வ் டியூப், வெட்டுத்துணி, அட்டைப்பெட்டி எதுவும் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

அம்மா: தீக்குச்சியா? சின்னப் பிள்ளைகள் கையிலா?

நான்: பற்ற வைக்க இல்லைம்மா. மருந்தைச் சுரண்டிவிட்டுத்தான் கொடுப்பேன். போன வாரம் ராத்திரி உட்கார்ந்து சுரண்டியதில் 200 குச்சிதான் தேறியது. பிள்ளைகள் 26 பேர்.

மாமா (கோவில்பட்டி): எதற்குச் சுரண்ட வேண்டும்? இங்கே மருந்து முக்காத வெறுங்குச்சியே வாங்கலாம். மரக்குச்சிதானே? மெழுகுக் குச்சி வளைந்துவிடும்.

நான்: மரக்குச்சிதான் மாமா!

பெரியப்பா: வால்வ் டியூப் இப்போது எல்லா சைக்கிளிலும் வருவதில்லை தாயி. பழைய மாடல் வால்வுக்குத்தான் அந்த மெல்லிய ரப்பர் குழாய் மாட்டுவோம். சைக்கிள் கடையை மூடும்போது ஒரு கட்டு மிச்சம் இருந்தது, பரணில் கிடக்கும். வெயில் படாமல் இருந்தால் நன்றாக இருக்கும், இல்லையென்றால் வெடித்திருக்கும். இழுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதை வைத்து என்ன செய்வார்கள்?

நான்: டியூபை விரல் நகம் அளவுக்கு வெட்டி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு குச்சியைச் சொருகினால் மூட்டு மாதிரி மடங்கும் பெரியப்பா. மூன்று குச்சி சேர வேண்டும் என்றால், கருவேல முள்ளால் நடுவில் துளை போட்டு இன்னொன்றை நுழைக்க வேண்டும். இது என் யோசனை இல்லை. கான்பூர் ஐஐடியில் படித்த அரவிந்த் குப்தா 1978ல் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் பக்கத்துக் கிராமப் பள்ளிகளுக்குப் போனார். அங்கே கண்டுபிடித்தது. 2018ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

[படம்: தீக்குச்சிச் சதுரம், பக்கத்தில் முக்கோணம்]

நான்: சதுரத்தை விரலால் தள்ளினால் சாய்ந்துவிடும். முக்கோணம் அசையவே அசையாது. நாலைந்து பேர் மாறி மாறித் தள்ளிப் பார்த்தார்கள். ஒரு பையன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "டீச்சர், கரண்ட் டவர் பூராவும் முக்கோணம்!" என்று கத்தினான். கயத்தாறு பக்கம் காற்றாலையும் டவரும் தினமும் பார்க்கிற பிள்ளைதான். அன்றைக்குத்தான் அது அவன் கண்ணில் பட்டது.

தம்பி (சென்னை): அக்கா, சூப்பர். ஆனால் குச்சியும் டியூபும் எத்தனை நாளைக்கு? ஆபீஸில் நண்பர்கள் சேர்ந்து ஒரு 3டி பிரிண்டர் வாங்கித் தருகிறோம். பள்ளிகளில் செய்முறைக் கூடம் வைக்க மத்திய அரசு நடத்துகிற அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் 20 லட்சம் வரை தருகிறார்களே, அதற்கு ஏன் எழுதிப் போடவில்லை?

நான்: அது ஆறாம் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்பு வரைக்கும்தான்டா. தொடக்கப் பள்ளிக்குக் கிடையாது. பிரிண்டரும் வேண்டாம், கோபித்துக்கொள்ளாதே. முன்பு நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கு நன்கொடையாக ரோபோ கிட் வந்தது. 30 பெட்டி. படத்தில் இருக்கிற மாதிரி மாட்டினால் 30ம் ஒரே மாதிரி ஓடும். ஒரே நாளில் முடிந்தது. மறுநாள் பிள்ளைகள் அந்தப் பக்கமே திரும்பவில்லை, கழற்றினால் உடைந்துவிடும் என்று நாங்களே அலமாரியில் வைத்துப் பூட்டினோம். இன்னும் எனக்கு அது மனசில் உறுத்துகிறது.

போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன், கேள். அட்டையில் காற்றாடி செய்தார்கள். நாலு இறக்கையையும் தட்டையாக ஒட்டியதால் ஒருவருடையதும் சுற்றவில்லை. ஊரே அள்ளிக்கொண்டு போகிற மாதிரி ஆனிக் காற்று அடிக்கிறது, காற்றாடி சும்மா நிற்கிறது. ஒரு பிள்ளை ஓரத்தை மடக்கினாள். மூன்றை ஒரு பக்கம், ஒன்றை மறுபக்கம். நடுங்கி நடுங்கி மெதுவாகத்தான் சுற்றியது. நாலாவதைத் திருப்பி மடக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து அதை முகத்துக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு இறக்கையாக வாயால் ஊதிப் பார்த்தாள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அப்புறம் அவளாகவே நாலாவதைத் திருப்பினாள். சுற்றியது பார், விர்ரென்று! அச்சில் நூலைக் கட்டி ஒரு காலித் தீப்பெட்டியைத் தொங்கவிட்டாள், அது மேலே ஏறியது. அந்த அரை மணி நேரத்தைத்தான் நான் அவர்களுக்குக் கொடுக்க நினைக்கிறேன்.

தம்பி: சரிக்கா. புரிகிறது. அப்போது என்னதான் வாங்கித் தரட்டும்?

நான்: சின்னச் சுத்தியல் 4. கைத்துரப்பணம் (கையால் சுற்றித் துளை போடுகிற டிரில்) 2. முனை மழுங்கின நல்ல கத்தரிக்கோல் 10. இப்போது இருக்கிறதில் அட்டை வெட்டினால் விரல் வலிக்கிறது என்று அழுகிறார்கள்.

தம்பி: முடிந்தது. நாளைக்கே வாங்கிவிடுகிறேன்.

அத்தை: என்னிடம் ஜாக்கெட் வெட்டுத்துணி இரண்டு மூட்டை இருக்கிறது கண்ணு. பிள்ளைகளுக்கு ஓட்டுத் தையல் சொல்லிக்கொடு. பையன்களுக்கும் சேர்த்து.

நான்: பையன்கள்தான் அத்தை முதலில் ஊசி கேட்டார்கள். 2019 ஜனவரி 1லிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை என்று பாடத்தில் சொன்னதும், "அப்புறம் ஏன் கடையில் தருகிறார்கள்?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் இல்லை. ஆளுக்கொரு பை தைத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.

சித்தி (உடன்குடி): காற்றாடிக்கு அட்டை எதற்கு? ஓலையில் செய்யச் சொல். கருவேல முள்ளில் காற்றாடியைக் குத்திக்கொண்டு தெருத்தெருவாக ஓடியிருக்கிறோமே. சித்தப்பாவிடம் குருத்தோலை கேட்கிறேன். அதுதான் மடிக்க வரும், முற்றினது கையைக் கிழிக்கும்.

நான்: சித்தி, நீங்களே வந்து சொல்லிக்கொடுங்களேன். நான் மறந்துவிட்டேன். அப்புறம் இன்னொன்று. சத்துணவுக் காய்த்தோலும் முட்டை ஓடும் போட்டு உரக்குழி வைத்தோம். நாற்றம் தாங்கவில்லை, பக்கத்து வீட்டில் சத்தம் போடுகிறார்கள்.

சித்தி: ஈரம் அதிகம், காற்றுப் போகவில்லை. காய்ந்த இலையை நிறையப் போட்டுக் கிளறிவிடு. ஒவ்வொரு தடவை தோல் போடும்போதும் மேலே சருகு போட்டு மூடு. வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறேன்.

பெரியப்பா (மாலை 5:20): டியூப் கிடைத்தது. பாதி போய்விட்டது, பாதி ரப்பர் புதுசு மாதிரி இழுபடுகிறது. நான் அங்கே வந்து வெட்டிக் கொடுக்கலாமா?

நான்: வாங்க பெரியப்பா. வெட்டுவதை மட்டும் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.

மாமா: குச்சிப் பையை நாளைக் காலை 7 மணி வண்டியில் ஏற்றிவிடுகிறேன். கயத்தாறு ஸ்டாப்பில் வாங்கிக்கொள்.