ரோபோ உங்களைத் திரும்பிப் பார்த்ததுண்டா?

காவேரிக்கரை:
ஜப்பானில் கியோத்தோ போனவர்களுக்கு கோதாய்ஜி கோயிலின் மிண்டார் தெரிந்திருக்கும். 2019-இல் வைத்த ரோபோ, கருணையின் போதிசத்துவரான கன்னோனின் வடிவம். முகத்திலும் கையிலும் தோளிலும்தான் சிலிக்கோன் தோல்; மற்றதெல்லாம் அலுமினியமும் ஒயரும், மண்டை கூட மூடவில்லை. இதய சூத்திரம் என்ற பௌத்த நூலை விளக்கிக்கொண்டிருந்தது. நடுவில் தலையைத் திருப்பி நேராக என் கண்ணைப் பார்த்தது. என் கை தானாகக் குவிந்துவிட்டது! பக்கத்தில் ஒரு பாட்டியும் கும்பிட்டார், அவருக்கு அது சாமி. எனக்கு என்ன என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.

ஒடைபாவாசி:
கல்லைக் கும்பிடுகிற நமக்கு இதில் என்ன குழப்பம்? ஆனால் அதற்கு அறிவு இருக்கிறது என்று கிளம்பாதீர்கள். முன்பே எழுதி வைத்த உரை அது. அந்தக் கோயில் துறவி தென்ஷோ கோதோ, இது சாகாது, புதுப்பித்துக்கொண்டே வளரும் என்கிறார். வளரட்டும், அப்போது பேசலாம்.

நான் பார்த்தது டோக்கியோவின் மிராய்கான் அறிவியல் அருங்காட்சியகத்தில், ஹோண்டாவின் மனித உருவ ரோபோ அசிமோவை. 2022 மார்ச்சில் ஓய்வு கொடுத்தார்களே, அதற்கு முன்பு. 130 செ.மீ. உயரம், சின்னப் பையன் மாதிரி. ஓடும்போது இரண்டு காலும் ஒரு கணம் தரையை விட்டு எழும்பின பாருங்கள், கூட்டமே கப்சிப். ஆட்டம் முடிந்ததும் என் மகள் "நாளைக்கும் வருவியா?" என்று கத்தினாள். அது கையசைத்தது. எல்லாருக்கும் அசைப்பதுதான். அவள் அதைப் பதில் என்றே எடுத்துக்கொண்டாள், நானும் மறுக்கவில்லை.

சேலத்தான்:
எனக்குப் பெப்பர்தான், சாஃப்ட்பேங்கின் பேசும் ரோபோ. கடை வாசலில் பேச்சுக் கொடுத்தது, நான் பதில் சொல்வதற்குள் அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டது. அவ்வளவுதான்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ரோபோ காட்சிக்குப் போனால், பின்னால் ஆள் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். 2024 அக்டோபரில் டெஸ்லா விழாவில் அவர்களின் மனித உருவ ரோபோ ஆப்டிமஸ் விருந்தினர்களோடு அரட்டை அடித்ததே, அதில் பெரும்பகுதி தூரத்திலிருந்து மனிதர்கள் இயக்கியதுதான். அப்புறம், அது எதிர்பார்க்காத கேள்வியாகக் கேளுங்கள். நடுவில் குறுக்கிட்டுப் பேசுங்கள். பதில் வரத் தாமதமானால் நேரம் பாருங்கள். குழந்தைகளை விரலுக்குப் பக்கத்தில் விடாதீர்கள், மூட்டில் மோட்டார் இருக்கும்.

காவேரிக்கரை:
மிண்டாருக்குப் பின்னால் ஆள் இல்லை சார், பதிவு செய்த குரல்தான். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் கை குவிந்தது என்றுதானே கேட்டேன்?