வீடியோ ஹெட்டைத் தாளால் துடைக்கச் சொல்பவர்களே, கொஞ்சம் நில்லுங்கள்

பிறை_மின்பணி:
நேற்று பழைய கேசட் இழையில் ஒருவர் எழுதியிருந்தார்: "வெள்ளைத் தாளைக் கிழித்து ஸ்பிரிட்டில் நனைத்து, டிரம்மில் ஒட்டிப் பிடித்துச் சுற்றினால் ஹெட் சுத்தமாகிவிடும். தோல் குச்சியெல்லாம் காசுக்குப் பிடிச்ச கேடு." படித்ததும் வயிறு எரிந்தது. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016-இல் உற்பத்தியை நிறுத்தியதிலிருந்து புது வீ.சி.ஆர் (வீடியோ கேசட் ஓட்டும் மெஷின்) வருவதில்லை. மிஞ்சியிருக்கிற மெஷின்களையும் தாளால் தேய்த்துக் கொல்லவா போகிறீர்கள்? ஹெட் என்பது டேப்பிலிருந்து படத்தைப் படிக்கும் சின்ன முனை; ஃபெரைட் என்ற பீங்கான் போன்ற காந்தப் பொருளால் ஆனது. சுலபமாக நொறுங்கும். அதைத் தாங்கிச் சுழலும் உருளையான டிரம்மை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது மயிரிழை அளவுகூட இல்லை. 99% ஐசோபுரோப்பில் ஆல்கஹால், தோல் வைத்த குச்சி, இவைதான் வேண்டும். குச்சியை ஆடாமல் பிடித்து டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் இழுக்கவே கூடாது.

லெபோ_சூலியா:
அந்த "ஒருவர்" நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம், பிறை ஐயா. என் அப்பா பினாங்கு ஜோர்ஜ்டவுனில் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவர் தாளால்தான் துடைத்தார். ஒரு ஹெட்கூட உடைந்ததில்லை.

பிறை_மின்பணி:
உடைந்ததை வாடிக்கையாளரிடம் சொல்லியிருக்க மாட்டார்.

லெபோ_சூலியா:
செத்தவரை இழுக்காதீங்க. டெக்னிக்கலா பேசுங்க. டேப்பில் பூசியிருப்பதே இரும்புத் துரு. 62 மில்லிமீட்டர் டிரம், நம்ம ஊர் டிவி முறையான PAL மெஷினில் நொடிக்கு 25 சுற்று. கணக்குப் போட்டால் ஹெட் நொடிக்கு ஏறக்குறைய 5 மீட்டர் வேகத்தில் அந்தத் துருவில் உரசுது. மணிக்கணக்கா! அதுக்கு உடையாத ஹெட், நனைஞ்ச தாளுக்கா உடையும்?

தண்ணீர்மலை_தம்பி:
அண்ணே, சூலியா அண்ணன் கேட்டது நியாயமாத்தான் படுது.

பிறை_மின்பணி:
தம்பி, டேப்பை வழவழவென்று மெருகேற்றித்தான் விற்கிறார்கள். போட்டோகாப்பித் தாளில் சுண்ணாம்புத் தூள் கலக்கிறார்கள், அது தெரியுமா? மடிப்பு விழுந்த தாளின் ஓரம் ஹெட் முனையில் மாட்டினால் என்ன ஆகும்? தாள் கூடாது.

தண்ணீர்மலை_தம்பி:
அப்போ கிளீனிங் கேசட் போட்டா?

பிறை_மின்பணி:
காய்ந்த வகை கேசட் உப்புத்தாள் போலத் தேய்க்கும். ஈர வகையை அவசரத்துக்குப் போடலாம். ஆனால் இங்கே பேச்சு தாளைப் பற்றி.

செந்தூல்_அக்கா:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். என் கல்யாண கேசட்டுல வெள்ளையா பூஞ்சணம் பிடிச்சிருக்கு. ஹெட்டைத் துடைச்சா படம் வருமா?

லெபோ_சூலியா:
போடாதீங்க அக்கா! பூஞ்சணம் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடுற கேசட்டுக்கும் போகும். முதலில் டேப்பைச் சுத்தம் பண்ணணும். பினாங்கு ஈரக்காற்றில் இதைப் பார்த்துப் பார்த்துத்தான் அப்பா தொழில் கத்துக்கிட்டார்.

செந்தூல்_அக்கா:
கோலாலம்பூர்ல என்ன பாலைவனமா தம்பி? இங்கேயும் அதே மழைதான். எதுக்கெடுத்தாலும் பினாங்கு, பினாங்கு.

லெபோ_சூலியா:
தொழில்காரங்க இருந்தது இங்கேதான் அக்கா. உண்மையைச் சொன்னா கோபம் வருது.

செந்தூல்_அக்கா:
எங்க கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவுல அந்தக் காலத்துல எத்தனை வீடியோ கடைன்னு தெரியுமா? வாயை அளந்து பேசுங்க.

பிறை_மின்பணி:
ஊர்ச்சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். தாளுக்குப் பதில் வரவில்லை. இன்னொன்று: அதே ஸ்பிரிட்டால், டேப்பை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளையான பின்ச் ரோலரையும் துடைப்பதாக சூலியா எழுதியிருந்தார். ரப்பர் காய்ந்து இறுகிவிடும், அப்புறம் டேப்பைக் கடிக்கும். இவர்தான் ஆலோசனை சொல்கிறார்!

பீட்டா_ரசிகன்:
இதுக்குத்தான் சொல்றது, பீட்டாமேக்ஸ் வகை கேசட்டை விட்டுட்டு வீ.எச்.எஸ் வகை பின்னாடி ஓடினதே தப்பு. 1975-லேயே சோனி கொண்டுவந்தாச்சு. ஜேவிசி கம்பெனியோட வீ.எச்.எஸ் வந்தது 1976-ல். படத் தெளிவு எதுல அதிகம்னு கேட்டுப் பாருங்க.

பிறை_மின்பணி:
பீட்டாவிலும் ஹெட் ஃபெரைட்தான். அதிலும் தாள் கூடாது.

லெபோ_சூலியா:
ஒரே பாட்டு. போன வருஷம் இவரிடம் ஒரு மெஷின் வாங்கினேன். "ஹெட் புதுசு மாதிரி" என்றார். போட்ட அன்றைக்கே படம் முழுக்கப் புள்ளி. இரண்டு ஹெட்டில் ஒன்று அடைச்சுப் போயிருந்தது. எதால் துடைச்சு சரி பண்ணினேன் தெரியுமா? தாளால்!

பிறை_மின்பணி:
ஓடுகிறதைக் காட்டித்தான் கொடுத்தேன். உங்கள் பூஞ்சணக் கேசட்டைப் போட்டு அடைக்க வைத்தது நீங்கள். அடைப்பு போனதற்கு ஸ்பிரிட் காரணம், தாள் காரணமில்லை. பூதக்கண்ணாடியில் ஹெட் முனையைப் படமெடுத்துப் போடுங்கள், சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று நானே சொல்கிறேன்.

லெபோ_சூலியா:
எதுக்குப் போடணும்? என் மெஷின் ஓடுது.

தண்ணீர்மலை_தம்பி:
அண்ணே, அந்தத் தோல் குச்சி இப்போ எங்கே கிடைக்கும்? நானும் எலக்ட்ரிக் கடைகளில் கேட்டுப் பார்த்துட்டேன்.

பிறை_மின்பணி:
முதலில் தாள் கூடாது என்று ஒப்புக்கொள்ளட்டும். பிறகு சொல்கிறேன்.

செந்தூல்_அக்கா:
ஆக, என் கேசட்டை எதால சுத்தம் பண்றதுன்னு யாரும் சொல்லப் போறதில்ல.

லெபோ_சூலியா:
அக்கா, தனிமடல் அனுப்புங்க. இங்கே சொன்னா அதுக்கும் "கூடாது"ன்னு வருவார்.

பிறை_மின்பணி:
வருவேன். தாள் என்று சொன்னால் கட்டாயம் வருவேன்.