கிரீன்லாந்து மொழியின் வேற்றுமைகளோடு மல்லுக்கட்டியவர்கள் உண்டா?

நூக்வாசி:
டென்மார்க்கிலிருந்து வேலை மாற்றலாகி, கிரீன்லாந்தின் தலைநகரான நூக் நகருக்கு வந்தவன் நான். இங்கே டேனிஷ் பேசியே காலத்தை ஓட்டிவிடலாம். ஆனாலும் 2009 முதல் ஆட்சிமொழி கலாலிசுட் (கிரீன்லாந்து மொழியின் சொந்தப் பெயர்) மட்டுமே என்பதால் மாலை வகுப்பில் சேர்ந்தேன். வேற்றுமை எட்டு என்று ஆசிரியை சொன்னதும் டேனிஷ்காரர்கள் பெருமூச்சு விட்டார்கள். ஐ, ஆல், கு என்று பள்ளியில் ஒப்பித்தவனுக்கு எட்டு என்ன புதிதா?

ஆட்டிவைத்தது உடைமைதான். தமிழில் உடையவன் உருபு ஏற்றால் போதும், வீடு வீடாகவே நிற்கும். இங்கே இரண்டும் ஏற்கவேண்டும். அங்குட் என்றால் ஆண், இல்லு என்றால் வீடு. அந்த ஆணின் வீடு ‘அங்குடிப் இல்லுவா’: உடையவனுக்கு ஒரு ‘ப்’, வீட்டின் வாலில் ‘அவனுடையது’ என்னும் ஆகாரம். அவன் வீட்டில் என்றால் ‘அங்குடிப் இல்லுவானி’. என் வீடு இல்லோரா. உன் வீடு இல்லுட். வீடுகள் என்பதும் இல்லுட்தான்! இடம் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொன்று. ஓர் ஆண் அந்தக் கரடியைப் பார்த்தான் என்றால், பார்த்தவனுக்கும் அதே ‘ப்’ வரும். அவன் சும்மா தூங்கினால் வராது. எழுவாய்க்கு உருபில்லை என்று ஊறிப்போன மண்டையில் இது லேசில் இறங்குவதில்லை.

ஆர்ஹூஸ் தமிழன்:
நமக்குக் கைகொடுப்பது ‘தன்’. நாய் என்பது கிம்மெக். ஒருவன் தன் நாயைப் பார்த்தால் கிம்மினி. அடுத்தவன் நாயைப் பார்த்தால் கிம்மியா. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இந்த இடத்தில் திணறுவார்கள். வினையிலும் இது உண்டு: ‘வந்ததால் சிரித்தான்’ என்றால் வந்தவனும் சிரித்தவனும் ஒருவனா, வேறுவேறா என்று விகுதியே சொல்லிவிடும்.

மொழியியல் மாணவி:
இல்லு, நம் ‘இல்’ என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: தற்செயல் ஒற்றுமை. இதை வைத்துக் குமரிக்கண்டம் வரை போய்விடாதீர்கள். எனக்குப் பிடித்தது ‘போல’ என்னும் பொருள் தரும் வேற்றுமை. கலாலிசுட் என்ற பெயரே ‘கிரீன்லாந்துக்காரர்களைப் போல’ என்பதுதான்.

நூக்வாசி:
அன்றாடம் காதில் விழுவது ‘வழியாக’ என்னும் ‘க்குட்’. ஊருக்கு ஊர் சாலையே இல்லாத நாடு. கப்பலில் வந்தீர்களா, விமானத்திலா என்பதுதான் பேச்சு. கப்பலில் என்றால் உமியார்சுவாக்குட். நூக்கில் நூம்மி, நூக்குக்கு நூம்முட், நூக்கிலிருந்து நூம்மிட். காற்றடிக்கும் துறைமுகத்தில் அந்தக் கடைசி உயிரெழுத்து நழுவிவிட்டால், எதிரில் நிற்பவர் ஊருக்கு வருகிறாரா, ஊரை விட்டுப் போகிறாரா என்பது அவருக்கே வெளிச்சம்.